நடுவழியில் அறுந்த டைமிங் பெல்ட்

திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்தில் வீட்டு வாசலை ஒட்டி நிற்கும் கார்களில் பல, தினமும் ஓடுபவை அல்ல. சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போகலாம். கிழக்கேகோட்டையும் தம்பானூரும் ஆட்டோ தூரம்தான். ஓய்வுபெற்ற காலத்தில் வாங்கிய சான்ட்ரோவோ வேகன்-ஆரோ, டாக்டரிடம் போகவும் கல்யாண வீட்டுக்குப் போகவும் மட்டும் வெளியே வரும். மீதி நாளெல்லாம் கவர் போர்த்தி நிற்கும். பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வந்ததும் நிலைமை மாறும். அதே வண்டியில் ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பூஜை சாமானோடு, திருநெல்வேலிப் பக்கத்துக் குலதெய்வம் கோவிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஒரு வழிக்கே சுமார் 150 கிலோமீட்டர்.

டைமிங் பெல்ட் காலை வாருவது பெரும்பாலும் இந்த மாதிரி வண்டியில்தான். மீட்டரில் 38,000 கிலோமீட்டர் இருக்கும்; பெல்ட்டின் வயதோ பன்னிரண்டு வருஷம். ரப்பர் ஓடினாலும் முதிரும், நின்றாலும் முதிரும். “வண்டி ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?” என்று கேட்பவருக்குப் பதில் சர்வீஸ் புத்தகத்திலேயே உண்டு. கம்பெனிகள் பலவும் கிலோமீட்டர் ஒன்று, வருஷம் ஒன்று என இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள். எது முந்துகிறதோ அதுதான் கெடு.

பெல்ட்டா, செயினா?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சொந்த வண்டியில் இருப்பது பெல்ட்டா செயினா என்பது. பெட்ரோல் அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இருந்தது செயின். ரப்பர் பல் பெல்ட்டைக் காருக்குள் முதலில் கொண்டுவந்தது, 1962-இல் விற்பனைக்கு வந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004. சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு என்பதால் மற்ற கம்பெனிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. இந்தியாவில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அதன் பிறகு ஜென், எஸ்டீம், ஆம்னி, பழைய ஆல்டோ, 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த சான்ட்ரோ, அதே வருஷக் கடைசியில் அறிமுகமான டாடா இண்டிகா டீசல் என்று வரிசையாகப் பெல்ட் வண்டிகள்.

வண்டியின் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஐ10-இல் 1.1 இன்ஜினுக்குப் பெல்ட், 1.2 கப்பா இன்ஜினுக்குச் செயின். வேகன்-ஆரின் பழைய இன்ஜின் பெல்ட். 2010 முதல் வந்த கே சீரிஸ் செயின். முதலில் வந்த 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட்டில் பெல்ட், அதே உடம்பில் வந்த 1.3 டீசலில் செயின். 2.5 டீசல் இன்னோவாவும் குவாலிஸும் பெல்ட். டஸ்டர், லோகன் போன்ற வண்டிகளில் வந்த ரெனோவின் 1.5 டீசலும் பெல்ட்தான். இது பழைய வண்டிக்காரர்களின் கவலை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். இன்று ஷோரூமில் நிற்கும் டைகுன், விர்ட்டஸ், குஷாக், ஸ்லாவியா ஆகியவற்றின் டர்போ பெட்ரோல் இன்ஜின்களிலும் இருப்பது பெல்ட்.

இன்னொரு வகை, இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் பெல்ட். ஆயிலை நாள் கடந்து மாற்றினாலோ தவறான கிரேடு ஊற்றினாலோ பெல்ட் பொடிந்து, அந்தத் துகள் ஆயில் வழியை அடைக்கும். இந்தச் சிக்கல் ஐரோப்பாவில் பெரிதாக வெடித்தபோது, ஸ்டெலான்டிஸ் நிறுவனம் தன் 1.2 பியூர்டெக் இன்ஜின்களுக்கு 10 வருஷம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதத்தை நீட்டித்தது. தமிழ்நாட்டோடு தொடர்புள்ள சம்பவமும் உண்டு. 2023 டிசம்பரில் ஃபோர்டு அமெரிக்காவில் 1.0 ஈகோபூஸ்ட் இன்ஜின் கொண்ட ஈகோஸ்போர்ட், ஃபோகஸ் கார்கள் சுமார் 1.4 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் முறிந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றுபோகலாம் என்பது காரணம். அமெரிக்காவில் விற்ற அந்த ஈகோஸ்போர்ட்டுகள் சென்னைக்கு அடுத்த மறைமலைநகரில் தயாரானவை.

உள்ளே நடப்பது என்ன?

பிஸ்டனை ஏற்றி இறக்குவது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறந்து மூட உதவுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் பிணைப்பதுதான் டைமிங் பெல்ட். 2,500 ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில் கிராங்க் விநாடிக்கு 40 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 20 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது.

பெல்ட் அறுந்த கணத்தில் கேம் அப்படியே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும். வண்டி கியரில் உருண்டுகொண்டிருப்பதால் கிராங்க் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் இடித்தால் வால்வு வளையும். மோசமானால் பிஸ்டனின் தலை உடையும், ராக்கர் முறியும். எல்லா இன்ஜினிலும் இப்படி இடிக்காது. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் போதிய இடைவெளி விட்டுக் கட்டியவையும் உண்டு. அவற்றில் புது பெல்ட் போட்டால் வேலை முடிந்தது. டீசலில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். அழுத்தம் அதிகம் தேவைப்படுவதால் பிஸ்டன், சிலிண்டரின் மூடியான ஹெட்டை ஒட்டும் அளவுக்கு மேலே வரும், வால்வுக்கு ஒதுங்க இடமே இருக்காது.

பெல்ட் தானாக மட்டும் அறுவதில்லை. அதைத் தாங்கும் டென்ஷனரின் பேரிங் காய்ந்து இறுகும். பல வண்டிகளில் இதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பம்ப் இறுகினால் பெல்ட்டைத் தேய்த்துத் தின்றுவிடும். கேம் சீலிலோ கிராங்க் சீலிலோ கசியும் ஆயில் ரப்பரை ஊறவைத்துப் பல்லை உரிக்கும்.

நின்றுபோன முதல் ஐந்து நிமிடம்

டீசல் தீர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ வண்டி விக்கி விக்கி நிற்கும். டைமிங் பெல்ட் அறுந்தால் அப்படி இழுத்துக்கொண்டிருக்காது. சில சமயம் ஒரு ‘டக்’ சத்தம், சில சமயம் அதுகூட இல்லை. ஆக்சிலரேட்டர் செத்துவிடும், டாஷ்போர்டில் விளக்குகள் எரியும், ஸ்டியரிங் கல்லாகும்.

உடனே கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும்; கியரில் உருள விட்டால் பிஸ்டன் வால்வை மேலும் அடிக்கும். ஹசார்ட் விளக்கைப் போட்டு, உருளும் வேகத்திலேயே இடது ஓரம் ஒதுக்க வேண்டும். சாவியை முழுக்கத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அதனால் வண்டி நிற்கும்வரை கை வைக்கக்கூடாது. பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துவது நல்லது. அப்புறம் எதிர்ப்படுவது கட்டைபோல இருக்கும் பெடல். முழு பலத்தோடு மிதித்தால் பிரேக் பிடிக்கும்.

வண்டி நின்றதும் எல்லாருக்கும் கை போவது சாவிக்கு. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்: ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று செத்தால் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்கக்கூடாது. வேகமாகப் போகும்போது அறுந்திருந்தால் சேதம் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் சிக்னலில் மெதுவாக உருளும்போது அறுந்திருந்தாலோ, பெல்ட் ஒன்றிரண்டு பல் மட்டும் தாவியிருந்தாலோ, வால்வுகள் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பைக் கெடுப்பது நாலாவது, ஐந்தாவது தடவை திருப்பும் சாவி. நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம்.

அறியாமல் ஒரு தடவை திருப்பிவிட்டால், காதில் விழுந்ததையாவது கவனிக்கலாம். வழக்கமாக செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரும் எதிர்த்து அழுத்துவதால் தடைபட்டுத் தடைபட்டுக் கேட்கும். பெல்ட் அறுந்த இன்ஜினில் எதிர்ப்பே இருக்காது. லேசாக, வேகமாக ‘விர்ர்ர்’ என்று சுற்றும். இதை மெக்கானிக்கிடம் போனில் சொன்னாலே பாதி தெரிந்துகொள்வார்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். வெளியில் தெரியும் ஃபேன் பெல்ட் வேறு, மூடிக்குள் ஓடும் டைமிங் பெல்ட் வேறு. ஃபேன் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், சூடு ஏறலாம், ஆனால் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடும். அம்பாசடர் காலத்தில் டிக்கியில் ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட் வைத்துக்கொள்வதும், இல்லாத பட்சத்தில் கயிற்றை முறுக்கிக் கட்டி அடுத்த ஊர்வரை ஓட்டுவதும் உண்டு. அந்த அனுபவத்தில் “பெல்ட்தானே, கட்டிக்கலாம்” என்று சொல்லும் பெரியவர் காரில் இருந்தால், பல் வைத்த பெல்ட்டுக்கு அந்த வைத்தியம் பலிக்காது என்று அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியதுதான்.

எங்கே நின்றது என்பது முக்கியம்

வலியசாலையிலிருந்து கிள்ளிப்பாலம் வழியாகக் கரமனை தாண்டினால் நாகர்கோவில் ரோடு. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் தங்கி வருவது இந்த வழியில்தான். 1956-இல் மாநில எல்லை பிரிந்த பிறகும் இந்த வழியில் போக்குவரத்து குறையவில்லை.

பாப்பனங்கோடு, நேமம் வரை அகலமான ரோடு. ஒதுங்க இடம் கிடைக்கும். பாலராமபுரம் சந்திப்பில் நின்றால் பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரனை விடமாட்டார்கள். அங்கே நாலு பேர் சேர்ந்து பக்கத்துக் கடை வாசலுக்குத் தள்ளுவதுதான் வழி. மார்த்தாண்டம் மேம்பாலம் இன்னும் சங்கடம். ஓரத்தில் ஒதுங்க இடமே இல்லை. உருளும் வேகம் மிச்சமிருந்தால் இறக்கம்வரை கொண்டுபோய்விடுவது புத்திசாலித்தனம். ஆரல்வாய்மொழி கணவாயிலும் முப்பந்தலிலும் காற்று கதவையே பிடுங்கும். முக்கோண எச்சரிக்கைப் பலகையை வெறுமனே நிறுத்தினால் விழுந்துவிடும், கல் வைத்து அண்டை கொடுக்க வேண்டும். பலகையைக் காருக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். ஆட்களைக் காருக்குள் உட்கார வைக்காமல், தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும்.

குற்றாலத்துக்கு நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு என்று போகிறவர்கள் பாதித் தூரம் காட்டு ரோட்டில் இருப்பார்கள். போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். ஆகவே, எதிரே வரும் கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸை நிறுத்தி, அடுத்த ஊர்வரை ஒருவரை அனுப்புவது நல்ல வழி.

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033; காவல், ஆம்புலன்ஸ் அவசரத்துக்கு 112. காவல்கிணற்றிலிருந்து திருநெல்வேலி நோக்கிப் போகும் நாலு வழிச் சாலையில் 1033-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

இழுத்துப் போவது

கயிறு கட்டி இழுப்பது கடைசி வழி. சட்டப்படி இரண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இழுபடும் வண்டியில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இன்ஜின் உதவி இருக்காது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படி இழுத்தால் கியர்பாக்ஸும் சேர்ந்து போகும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டியைக் கேட்டு வரவழைப்பதே சரி.

அடுத்த கேள்வி, எந்த ஊருக்கு? இன்ஷூரன்ஸிலோ கார் கம்பெனியிலோ ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால், எத்தனை கிலோமீட்டர்வரை இலவசம் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தக்கலைக்கு இந்தப் பக்கம் நின்றால் திருவனந்தபுரத்துக்கே திருப்பிக் கொண்டுவருவதுதான் லாபம். ஹெட் கழற்றும் வேலை ஒரே நாளில் முடியாது. லேத்துக்குப் போய்வர வேண்டும், சாமான் வர வேண்டும். சொந்த ஊர் பட்டறை என்றால் தினமும் எட்டிப் பார்க்கலாம். ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் நாகர்கோவிலோ திருநெல்வேலியோ, எது பக்கமோ அது. வழியில் கிடைத்த முதல் பட்டறை என்பதற்காக ஒப்படைத்துவிடக்கூடாது. அந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய கை தேவை.

பட்டறையில்

நாகர்கோவில் பக்கத்து மெக்கானிக் பானெட்டைத் திறக்குமுன் கேட்கக்கூடிய முதல் கேள்வி, “சார், வண்டி நின்னதுக்குப் பொறவு எத்தன தடவ செல்ஃப் அடிச்சிய?” என்பதாக இருக்கும். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். நின்றபோது என்ன வேகம், கியரில் இருந்ததா, டெம்பரேச்சர் முள் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவருக்கு வேலை சுலபம்.

“ஹெட்டைக் கழத்திரலாம் சார்” என்று எடுத்த எடுப்பில் சொன்னால், வண்டிக்காரர் பதிலுக்குக் கேட்க வேண்டியது: “அண்ணாச்சி, முதல்ல பெல்ட்டை மாட்டி கையால சுத்திப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்.” அந்தச் சோதனை இப்படி நடக்கும். மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லியிலும் கேம் புல்லியிலும் உள்ள டைமிங் குறிகளை நேராக்கிப் பெல்ட்டை மாட்டுவார். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, செல்ஃப் அடிக்காமல், கையாலேயே இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுவார். நடுவில் எங்காவது இரும்பு இரும்பில் முட்டுவதுபோல் நின்றால் அதற்கு மேல் அழுத்தமாட்டார். தடையில்லாமல் சுற்றி, குறிகள் மறுபடி நேராக வந்து நின்றால் அடுத்தது கம்ப்ரஷன் பார்ப்பது. எல்லா சிலிண்டரிலும் அழுத்தம் சமமாக வந்தால் வால்வு தப்பித்தது என்று அர்த்தம். ஒன்றில் மட்டும் முள் எழும்பாவிட்டால் அங்கே வால்வு வளைந்திருக்கிறது; ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

ஹெட் இறங்கினால் வால்வு, வால்வு கைடு, சீல், ஹெட் கேஸ்கட் என்று பட்டியல் நீளும். ஹெட்டின் தளம் சமமாக இருக்கிறதா என்று லேத்தில் பார்க்க வேண்டும். இறக்கியபோதே பிஸ்டன் தலைகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். வால்வு இடித்த இடத்தில் பிறை வடிவத்தில் தடம் பளிச்சென்று தெரியும்.

எப்படியானாலும் பெல்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடக்கூடாது. டென்ஷனர், ஐட்லர், பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டியவை. லேபர் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய சாமான்களைச் சாக்கில் கட்டித் தரச் சொல்வது நல்லது. டென்ஷனரை விரலால் சுற்றிப் பார்த்தால், கரகரவென்று இருந்ததா, ஆடியதா என்பது வண்டிக்காரருக்கே புரியும். அறுந்ததற்குக் காரணம் தெரியாமல் புது பெல்ட் போட்டால் அதுவும் சீக்கிரமே அறும்.

யார் பணம் கட்டுவது?

இன்ஷூரன்ஸ் கட்டாது. முழு பாலிசி எடுத்திருந்தாலும், தேய்மானமும் மெக்கானிக்கல் கோளாறும் அதில் சேராது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்ப்பது முக்கியமாக வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய இன்ஜினுக்காக. முதிர்ந்து அறுந்த பெல்ட்டுக்காக அல்ல. வாரண்டி இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் ரசீதுகள் வேண்டும், கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாராவது இன்ஜினைத் தொட்டிருந்தால் தகராறு வரலாம்.

நாள் பார்த்து மாற்றினால் சின்ன பெட்ரோல் காருக்கு முழு கிட்டும் லேபரும் சேர்த்து சில ஆயிரத்தில் முடியும். அறுந்த பிறகு ஹெட் வேலை என்று வந்தால் பல பத்தாயிரம். டீசலில் இன்னும் மேலே போகும். பழைய வண்டிக்கு அதன் விற்பனை விலையே அவ்வளவுதான் இருக்கும். அப்போது ரிப்பேர் செய்வதா, அப்படியே கொடுத்துவிடுவதா என்பதை உணர்ச்சிவசப்படாமல் பட்டறையிலேயே முடிவு செய்ய வேண்டிவரும்.

கிளம்புமுன்

பொதுவாகச் சொன்னால், பெல்ட்டின் ஆயுள் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் அல்லது ஐந்தாறு வருஷம். சரியான கணக்கு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். இன்னோவாவிலும் குவாலிஸிலும் டி-பெல்ட் விளக்கு எரிவதை நம்பியிருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்த விளக்கு ஓடிய தூரத்தைத்தான் எண்ணுகிறது, பெல்ட்டின் நிலையைப் பார்ப்பதில்லை. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்து வைத்த செகண்ட் ஹேண்ட் வண்டியும் கைக்கு வரலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கி, பெல்ட் மாற்றிய ரசீது கையில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மேல் மூடியைக் கழற்றிப் பார்த்தால் விரிசல், ஆயில் ஈரம், உரிந்த விளிம்பு தெரியலாம். ஆனால் பெல்ட்டுக்குப் பலம் தரும் கண்ணாடி இழைகள் உள்ளே இருக்கின்றன. வெளியே நன்றாக இருக்கும் பெல்ட்டும் உள்ளே இழை விட்டிருக்கும். கண்ணால் பார்த்து நற்சான்று கொடுக்க முடியாத சாமான் இது. மாற்றியதும் தேதி, கிலோமீட்டர் இரண்டையும் எழுதி பானெட்டின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம்.

குலதெய்வம் கோவிலுக்கோ குற்றாலத்துக்கோ நாள் குறித்தாகிவிட்டது என்றால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே சர்வீஸ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். பெல்ட் மாற்றிய பதிவு அதில் இல்லையென்றால் முதல் வேலையாக வண்டியைப் பட்டறையில் விடுங்கள். வேலை முடிந்த பிறகு கோவளம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு, கூலன்ட் கசிகிறதா என்று கீழே குனிந்து பார்த்த பின் பயணத்துக்கு எடுங்கள்.